கலந்தர் பாவா கட்டிய நூல்

மாத்தளை கொங்காவலையில் நோன்பு மாதம் பிறந்துவிட்டால் ஊரில் அதிகம் திட்டு வாங்குகிறவர் கலந்தர் பாவாதான். சஹர் சாப்பாட்டுக்கு ஊரை எழுப்புவது அவருடைய வேலை. விடிவதற்கு வெகு முன்பே எழுந்து, முழங்கையில் அரிக்கன் லாம்பைத் தொங்கவிட்டு, றபான் பறையை நெஞ்சோடு அணைத்து, தெருத் தெருவாக அடித்துக்கொண்டு போவார். எழும்பியவர்கள் சாப்பிட்டு நோன்பு பிடிப்பார்கள். எழும்பாதவர்கள் மறுநாள் காய்ந்த வாயோடு வந்து, "என்ன பாவா, எங்கட தெருவ மறந்துட்டீங்களா?" என்று சண்டை பிடிப்பார்கள். மற்ற மாதங்களில் மிளகுக் கடைகளுக்குச் சாக்குத் தைத்துக் கொடுத்துச் சத்தமில்லாமல் பிழைக்கிற மனிதருக்கு, இந்த ஒரு மாதத்தில் பேரும் வரும், வசவும் வரும்.

வசவில் பெரும்பங்கு பச்சைப்பிள்ளைக்காரிகளுடையது. பிறந்து ஒன்றிரண்டு வாரமான பிள்ளைக்குப் பகல் எது, இரவு எது என்று தெரியாது. பகலெல்லாம் கிள்ளினாலும் கண் திறக்காமல் கிடக்கும். ஊர் அடங்கியதும் உருட்டி உருட்டி விழிக்கும். பால் குடிக்கும், பாதிக் குடியில் உறங்கும், கீழே கிடத்தினால் மறுபடி எழும்பிவிடும். தாய்க்காரி காலில் போட்டு ஆட்டி, தோளில் போட்டுத் தட்டி, ஒருவழியாக அது அசந்து போகிற நேரம் எப்படியோ சஹர் நேரமாகவே இருக்கும். அப்போது ஜன்னலுக்கு வெளியே 'டம்' என்று ஓர் அடி விழும். பிள்ளை கண்ணைத் திறப்பதற்கு முன்பே இரண்டு கைகளையும் விரித்து ஒரு துடி துடிக்கும். அப்புறம் வீரிட்டு அழும். உள்ளேயிருந்து ஒரு பெண்குரல் பாவாவின் ஏழு தலைமுறையையும் விசாரிக்கும்.

ஆகவே எந்த வீட்டில் பச்சைப்பிள்ளை இருக்கிறது என்பது, மருத்துவிச்சிக்கு அடுத்தபடியாகப் பாவாவுக்குத் தெரியும். அந்த வாசலைத் தாண்டும்போது விரல் நுனியால் மெல்லத் தட்டிக்கொண்டு போவார். அதற்கும் பக்கத்து வீட்டு யாகூப் நானா போன்றவர்கள் விடமாட்டார்கள். யாகூப் நானாவை எழுப்ப இடி விழ வேண்டும். அவர் சஹர் தவறினால் அன்றைய பழி முழுவதும் பாவாவின் தலையில்தான்.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே தாங்கினார் என்று எழுத ஆசைதான். அது பொய். பாவாவுக்கு ஒரு பலவீனம் உண்டு: எல்லாரிடமும் நல்ல பேர் எடுக்க வேண்டும். ஒரு வீட்டில் முகம் சுளித்தால் இரண்டு நாள் சோறு இறங்காது. ஒரு வீட்டில் புகழ்ந்தால் அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு மாதம் ஓட்டிவிடுவார். மனைவி கைறுன்னிஸா இதற்காக அவரைக் கேலி செய்யாத நாள் இல்லை. கேலியோடு போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சுதந்திரம் கிடைத்து ஏழெட்டு வருடம் ஆகியிருக்கும். நோன்புக்குச் சற்று முன்னால் அப்துல் ஸமத் முதலாளி வீட்டில் ஒரு பெண்பிள்ளை பிறந்தது. யட்டவத்தப் பக்கத்துத் தோட்டங்களில் மிளகும் கொக்கோவும் வாங்கி, வீட்டு முற்றத்தில் காயவைத்துக் கொழும்புக்கு அனுப்புகிறவர் அவர். கல்யாணமாகி நெடுநாள் காத்திருந்து கிடைத்த பிள்ளை. ஸக்கியா என்று பேர் வைத்தார்கள். தாய் மஸூதாவுக்கு உம்மா இல்லை. பிரசவ அறையில் துணைக்கு வந்த பெண் பகலில் மட்டும் இருந்துவிட்டுப் போய்விடுவாள். பகலில் பிள்ளை உறங்கும். அவளுக்கு வேலையே இல்லை. இரவில் பிள்ளை எழும்பும். மஸூதாவுக்குத் துணையே இல்லை. கண் இரண்டும் குழி விழுந்து, பேசும்போதே பேச்சு அறுந்துபோகிற அளவுக்கு அவள் களைத்திருந்தாள்.

மாதத்தின் முதல் நோன்பான தலைநோன்பு இரவு, வழக்கம்போலப் பெரும்பாடு பட்டுப் பிள்ளையை உறங்கவைத்துவிட்டுத் தலையைச் சாய்த்தாள். தெருமுனையில் றபான் சத்தம் கேட்டது. ஐயோ, இனி இது வாசலுக்கு வரும், பிள்ளை திடுக்கிட்டுப்போகும் என்று பதறி, பிள்ளையை வாரி எடுத்து, காதைப் பொத்தி, நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள். பிள்ளை எழும்பி அழுதது. வாரி எடுத்தால் எந்தப் பிள்ளைதான் எழும்பாது? ஆனால் களைத்த மூளைக்கு அது எங்கே தெரிகிறது? றபான்தான் எழுப்பியது என்று முடிவு செய்துவிட்டாள்.

மறுநாள் காலையில் ஸமத் முதலாளி பாவா சாக்குத் தைக்கிற இடத்துக்கே வந்தார்.

"பாவா, உங்கட றபானுக்குப் புள்ள எழும்பினதுதான். சுபஹு வரைக்கும் உறங்கல்ல. மஸூதாவும் உறங்கல்ல, நானும் உறங்கல்ல."

"நான் என்ன செய்யிற முதலாளி? உங்கட தெருவுல அடிக்காமப் போனா யாகூப் நானா என்னய உசிரோட வெக்க மாட்டாரு."

"அடிக்க வேணாம்னு சொல்லல்ல. ஊட்டுக்கு வந்து புள்ளைக்கு ஒரு நூல் ஓதிக் கட்டிவிடுங்க. மஸூதாதான் சொல்லிவிட்டா. புள்ளைக்கு அந்தச் சத்தம் கேக்கக் கூடாதாம். வேற ஒண்டும் வேணாமாம்."

பாவாவுக்குக் குர்ஆனில் ஓதத் தெரிந்தது அல்ஹம்து சூராவும் இன்னும் சில சின்னச் சூராக்களும்தான். பயந்த பிள்ளைகளுக்கு எப்போதாவது தண்ணீர் ஓதிக் கொடுத்திருக்கிறார். நூல் கட்டியதில்லை. அதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஊரின் பெரிய மிளகு முதலாளி தேடி வந்து கேட்கும்போது இல்லை என்று சொல்லும் நாக்கு அவருக்கு இல்லை.

லுஹர் தொழுதுவிட்டுப் போனார். றபானையும் தோளில் மாட்டிக்கொண்டு போனார். பகலில் றபான் எதற்கு என்று கேட்டால், அது இல்லாவிட்டால் அவர் சாக்குத் தைக்கிற கலந்தர். அது இருந்தால்தான் பாவா. முதலாளி பிள்ளையை அறையிலிருந்து கொண்டுவந்து, நடு ஹோலில் பாயில் ஒரு சின்ன மெத்தை போட்டுக் கிடத்தினார். அறைக் கதவில் திரை தொங்கியது. அதற்குப் பின்னால் மஸூதா. முற்றத்தில் மிளகு கொண்டுவந்த வண்டிக்காரன் கூப்பிட்டதால் முதலாளி வெளியே போனார். ஹோலில் பாவாவும் பிள்ளையும் மட்டும்.

அடுத்து நடந்ததைப் பிற்காலத்தில் பாவாவே எங்களிடம் சொல்லியிருக்கிறார். பின்னாளில் அவர் இதை ஒளிக்காமல், கேட்காதவர்களுக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

நூலை விரலில் சுற்றிக்கொண்டு, குனிந்து, பிள்ளையின் மணிக்கட்டைப் பிடிக்கப் போனார். றபான் தோளிலிருந்து வழுகி, பிள்ளையின் தலைமாட்டில் சீமெந்துத் தரையில் விழுந்தது. வளையத்தில் கோத்திருந்த பித்தளைச் சில்லுகள் கலகலத்து, தோல் அதிர்ந்து, அந்தச் சின்ன ஹோலில் வெடி போட்ட மாதிரி இருந்தது. பாவாவே பயந்து பின்னால் சாய்ந்துவிட்டார்.

பிள்ளை அசையவில்லை. கை விரியவில்லை. மூடிய இமைக்குள் கண்மணி மெல்ல ஓடிக்கொண்டிருந்தது. கனவில் பால் குடிப்பது போல உதட்டைச் சப்பியது. வாயோரத்தில் ஒரு சிரிப்பு வந்து போனது.

எத்தனை வீட்டு ஜன்னலுக்கு வெளியே நின்று எத்தனை பச்சைப்பிள்ளைகளின் அழுகையைக் கேட்டவர்! எவ்வளவு ஆழ்ந்த உறக்கத்திலும் பச்சைப்பிள்ளை ஒரு தரம் துடிக்கும் என்பது அவருக்குத் தெரியும். இன்னொரு தரம் கை தட்டிப் பார்ப்போமா என்றுகூடக் கையைத் தூக்கினார்.

அதற்குள் திரைக்குப் பின்னாலிருந்து மஸூதா பதறினாள். "யா அல்லாஹ்! என்ன பாவா விழுந்த? புள்ள எழும்பிட்டாளா?"

நூல் இன்னும் அவர் விரலில்தான் இருந்தது.

"இல்ல மகள். றபான்தான் விழுந்த. நூல் கட்டியாச்சு. புள்ள அசையவே இல்ல. இனிமே எழும்ப மாட்டா."

திரைக்குப் பின்னால் மஸூதா விம்மியது கேட்டது. "அல்ஹம்துலில்லாஹ். அல்லாஹ் உங்களுக்குப் பரக்கத் செய்யட்டும் பாவா." அப்புறம்தான் பாவா நூலைக் கட்டினார். முடிச்சு இரண்டு தரம் வழுகியது.

அன்று இரவிலிருந்து மஸூதா பிள்ளையை வாரி எடுக்கவில்லை. நூல்தான் இருக்கிறதே என்று நம்பிக் கிடந்தாள். றபான் வந்தது, வாசலில் நின்று அடித்தது, போனது. பிள்ளை உறங்கியது. தொட்டால் எழும்பும், விளக்குத் திரியைத் தூண்டினால் எழும்பும், பசித்தால் ஊரைக் கூட்டும். றபானுக்கு மட்டும் எழும்பாது. கொஞ்ச நாளில் மஸூதாவும் அந்த நேரத்தில் உறங்கப் பழகினாள். முகத்தில் இரத்தம் ஊறியது. ஸமத் முதலாளி பள்ளிவாசலில் தராவீஹ் தொழுகை முடிந்து எல்லாரும் இருக்கும்போது சத்தமாகச் சொன்னார்: "பாவாட கையில ஒரு விஷயம் ஈக்குது. நம்ம ஆக்களுக்குத்தான் தெரியாது."

அவ்வளவுதான், பாவாவுக்குக் கால் தரையில் படவில்லை. வசவு வந்த வீடுகளிலிருந்து கஞ்சி வந்தது. பச்சைப்பிள்ளைக்காரிகள் ஆள் அனுப்பினார்கள். அடுத்த தெரு ஸுலைஹாவின் பிள்ளைக்கும் நூல் கட்டினார். அன்றிரவே அந்தப் பிள்ளை றபானுக்கு வீரிட்டு அழுது தெருவையே எழுப்பியது. "நூல் நனைஞ்சீக்கும்" என்றார் பாவா. இன்னொரு பிள்ளையும் அழுதது. "ஒவ்வொரு புள்ளட நஸீபு, தலவிதி" என்றார். இதைச் சொல்லும்போது தனக்கே நாக்குக் கூசியது என்று அவர் சொல்வார். ஸக்கியா மட்டும் ஏன் அழவில்லை என்ற கேள்வி அவருக்குள் அப்போதே எழும்பி உட்கார்ந்துவிட்டது. அதை அவர் வாய் திறக்க விடவில்லை. பெருநாளுக்கு ஸமத் முதலாளி கொடுத்த புதுச் சாரத்தை உடுத்திக்கொண்டு தொழப் போனார்.

ஸக்கியா தவழ்ந்தாள், நடந்தாள், ஓடினாள். பேசவில்லை. சில பிள்ளைகள் சுணங்கித்தான் பேசும் என்றார்கள். பின்னால் நின்று கூப்பிட்டால் திரும்புவதில்லை, பிடிவாதம் என்றார்கள். கடைசியில் ஸமத் முதலாளி கண்டிக்குக் கூட்டிப் போனார். டாக்டர் பின்னால் நின்று மணி அடித்துப் பார்த்தார், கை தட்டிப் பார்த்தார். காது கேட்கவில்லை என்றார். பிறவியிலேயே இப்படியா, பிறந்த பிறகு இடையில் போனதா என்று கேட்டதற்கு, அதை இப்போது சொல்ல முடியாது, பிறந்த புதிதில் சத்தத்துக்குத் திடுக்கிட்டாளா என்று உங்களுக்குத்தானே தெரியும் என்றாராம்.

மஸூதாவுக்குத் தெரிந்தது ஒன்றுதான். தலைநோன்பு இரவு பிள்ளை றபானுக்கு எழும்பியது. மறுநாள் நூல் கட்டினார்கள். அதற்குப் பிறகு எழும்பவில்லை. பிள்ளைக்குச் சத்தம் கேட்கக் கூடாது என்று வாய் திறந்து கேட்டது யார்? அவள்தான்.

கண்டியிலிருந்து வந்த கையோடு பாவாவைக் கூப்பிட்டனுப்பினாள். பாவா போனார். ஸமத் முதலாளி ஒரு மூலையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மஸூதா திரைக்குப் பின்னால் நிற்கவில்லை. முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு நேரே வந்து, ஒரு சின்னத் தகர டப்பியை நீட்டினாள். உள்ளே அந்த நூல்.

"பாவா, நீங்க கட்டினத நீங்கதான் அவுக்க ஏலும். நான் கேட்டது பிழை. றபான் மட்டும் கேக்கக் கூடாதுன்னு நெனச்சுத்தான் சொன்ன. எல்லாத்தையும் சேத்து அடைக்கச் சொல்லல்ல. திருப்பி ஓதிவிடுங்க பாவா."

சொல்வதற்கு இதைவிட நல்ல நேரம் வாய்த்திருக்காது. மகள், இந்த நூலால் ஒன்றும் நடக்கவில்லை. கட்டுவதற்கு முன்பே பிள்ளைக்குக் கேட்கவில்லை. நான் கண்ணால் பார்த்தேன். உன்னிடம் பொய் சொன்னேன். அவ்வளவுதான் சொல்ல வேண்டும். பாவா வாயைத் திறந்தார். ஸமத் முதலாளி தலையைத் தூக்கிப் பார்த்தார். பாவா டப்பியை வாங்கி, பிள்ளையின் தலையில் கை வைத்து, அல்ஹம்து ஓதி, நூலை அறுத்தார்.

அதற்காக அவரை நான் மன்னிக்கவில்லை. முதல் தரம் சொன்ன பொய்யில் அதன் விளைவு தெரியாத அறியாமை கொஞ்சம் இருந்தது. இது முழுக்கக் கோழைத்தனம். இதை அவர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். "ஓம், கோழைத்தனம்தான்" என்று தலையாட்டினார்.

மஸூதா அந்த மாதம் முழுக்கப் பிள்ளையின் பின்னால் நின்று தட்டுகளைப் போட்டாள். தகரப் பேணிகளைத் தட்டினாள். பேர் சொல்லிக் கத்தினாள். ஸக்கியா திரும்பவில்லை. ஒரு நாள் தட்டு விழுந்தபோது திரும்பினாள். மஸூதா ஓடிப்போய்க் கட்டிப்பிடித்து அழுதாள். தட்டு விழுந்து தரை அதிர்ந்தது காலில் பட்டுத்தான் திரும்பினாள் என்று அப்புறம் தெரிந்தது. அதோடு மஸூதா நிறுத்திவிட்டாள். கேட்டது கிடைத்துவிட்டது, கிடைத்ததைத் திருப்பிக் கொடுக்க முடியாது என்று தனக்குத்தானே தீர்ப்பு எழுதிக்கொண்டாள்.

ஊரிலோ பாவாவின் பேர் இன்னும் பெரிதானது. 'காதையே அடைக்கிற கை' என்று பெண்கள் பிள்ளைகளை அவர் கண்ணில் காட்டாமல் உள்ளே எடுத்துப் போனார்கள். நல்ல பேருக்கு ஏங்கிய மனிதருக்கு இப்படி ஒரு பேர். அவர் அதை மறுத்திருக்கலாம். மறுத்தால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டிவரும். இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள். அதற்கு அடுத்த வருடம் சொன்னால், போன வருடமே ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள். இப்படியே நோன்பு மேல் நோன்பு வந்து போனது. பகலில் சாக்கைத் தைத்தபடியே அசந்துபோவார், இரவில் விழித்துக் கிடப்பார். "பச்சப்புள்ள மாதிரி ராவையும் பகலையும் மாத்திப் போட்டுக் கெடக்கிறீங்க" என்று கைறுன்னிஸா சொல்வாள். விஷயம் அவளுக்கும் தெரியாது.

ஸக்கியாவுக்கு ஏழு வயதானபோது நோன்பு மாசிப் பனியில் வந்தது. ஒரு நாள் சஹர் நேரத்தில் ஸமத் முதலாளி வீட்டு வாசலில் லாம்பு எரிந்தது. மஸூதா ஒரு கோப்பை கோப்பியோடு நின்றிருந்தாள். பக்கத்தில் போர்வையைச் சுற்றிக்கொண்டு ஸக்கியா. வழக்கமாக அந்த வாசலில் தலையைக் குனிந்துகொண்டு வேகமாகப் போய்விடுகிற பாவாவுக்கு, அன்று நிற்காமல் போக வழியில்லை. அடித்துக்கொண்டிருந்த கை தானாக நின்றது. ஸக்கியா கிட்ட வந்து, றபான் தோலில் உள்ளங்கையை வைத்து, மற்றக் கையால் 'அடி' என்று காட்டினாள். அவர் மெல்லத் தட்டினார். தோலின் அதிர்வு கையில் ஏற, பிள்ளை வாய் விட்டுச் சிரித்தாள்.

பாவா நடுத்தெருவில் உட்கார்ந்து அழுதார்.

மஸூதாவுக்கும் கண் கலங்கியது. "அழாதீங்க பாவா. உங்கள்ல ஒரு குத்தமும் இல்ல. நான் கேட்டேன், நீங்க ஓதினீங்க. குத்தம் எண்ட வாயிலதான். உங்கள நெனச்சு எனக்கு மனசுல ஒண்டும் இல்ல" என்று சொல்லி, கோப்பியை அவர் கையில் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்து கைறுன்னிஸாவிடம் முதன்முதலாக எல்லாவற்றையும் சொன்னார். மஸூதா மன்னித்துவிட்டதையும் சொன்னார். கைறுன்னிஸா சஹர்ச் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள்:

"என்னத்துக்கு மன்னிச்ச?"

"நூல் கட்டினதுக்கு."

"நீங்க செஞ்ச குத்தம் நூல் கட்டினதா? அந்தப் பொம்புள செய்யாத குத்தத்தத் தலையில வெச்சிட்டு இத்தன வருசமா வேகுது. நீங்க பாத்துட்டு ஈந்தீங்க. அதச் சொன்னீங்களா? சொல்லாம அது எப்பிடி மன்னிக்கும்?" சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தாள். "நீங்க போய்ச் சொல்லாம நான் இந்த ஊட்டுல நோன்பு தொறக்க மாட்டேன்."

பாவா மாலையில் அஸர் தொழுதுவிட்டுப் போனார். றபானை எடுத்துப் போகவில்லை. வழியில் இரண்டு இடத்தில் நின்றார். திரும்பிவிடலாமா என்று நினைத்ததை அவரே சொல்லியிருக்கிறார். ஸமத் முதலாளி கடையில் இருந்தார். முற்றத்தில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. ஓர் ஓரத்தில் ஸக்கியா குந்திக்கொண்டு மிளகில் காம்பு பொறுக்கினாள். மஸூதா வாசற்படியில் நின்றாள். உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தால் சொல்லமாட்டோம் என்று பயந்து பாவா நின்றபடியே சொன்னார்.

"மகள், அண்டைக்கு றபான் விழுந்தது நெனவு ஈக்குதா?"

"ஈக்குது. எனக்கே நெஞ்சு அடைச்சுப் போச்சு."

"புள்ளட தலமாட்டுலதான் விழுந்த. நீங்க கேட்ட நேரம் நூல் கட்டியாச்சுன்னு சொன்னேன். கட்டல்ல. நூல் எண்ட வெரல்லதான் இருந்த. புள்ள துடிக்கல்ல, கண்ணத் தொறக்கல்ல. அதுக்குப் பொறகுதான் நூலக் கட்டினேன். பச்சப்புள்ள அப்பிடிக் கெடக்காது, எனக்குத் தெரியும். தெரிஞ்சுட்டுத்தான் பொய் சொன்னேன். உங்கட வாயால ஒண்டும் நடக்கல்ல மகள். நூலாலயும் நடக்கல்ல. அல்லாஹ் புள்ளய அப்பிடித்தான் அனுப்பினான்."

மஸூதா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம், "தலநோன்புக்கு எழும்பினாளே?" என்று கேட்டாள். வழக்கில் எதிராளி கடைசியாக ஒரு சாட்சியைக் கேட்கிற மாதிரி இருந்தது அந்தக் குரல்.

"நீங்க தூக்கினீங்களா மகள்?"

"தூக்கினேன். றபான் சத்தம் தூரத்துல வரக்கொள்ளயே வாரித் தூக்கினேன்." சொல்லும்போதே அவளுக்கு விளங்கிவிட்டது. "அதுக்குப் பொறகு ஒரு நாளும் தூக்கல்ல."

படியில் உட்கார்ந்துவிட்டாள். அழுவாள் என்று பாவா நினைத்தார்; அழவில்லை. திட்டுவாள் என்று நினைத்தார், திட்டவும் இல்லை. மிளகு பொறுக்குகிற பிள்ளையைப் பார்த்துக்கொண்டே, யாருக்கோ சொல்வது போல மெதுவாகச் சொன்னாள்:

"கண்டியில இருந்து வந்த நாள்ல இருந்து நான் அல்லாஹ்கிட்ட ஒண்டுமே கேக்கல்ல பாவா. அஞ்சு நேரமும் தொழுவேன். தொழுது முடிச்சுக் கையேந்துவேன். வாயத் தொறக்க மாட்டேன். என்னத்தக் கேட்டா என்னத்த எடுப்பானோன்னு பயம். புள்ளைக்குக் காய்ச்சல் வந்த நேரமும் கேக்கல்ல. இவங்கட வாப்பா வண்டியோட பொரண்டு ஆஸ்பத்திரியில கெடந்த நேரமும் கேக்கல்ல. இன்னொரு புள்ள வேணுமெண்டும் கேக்கல்ல. எல்லாரும் கேக்குற ராவெல்லாம் நான் சும்மா கையேந்திட்டு உக்காந்து ஈந்தேன்."

தன் பொய் எங்கே போய் விழுந்தது என்று பாவாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒரு தாய்க்கும் படைத்தவனுக்கும் நடுவில் போய் விழுந்து கிடந்திருக்கிறது. மன்னிப்புக் கேட்க வந்தவர், அந்தச் சொல்லை எடுக்கவே வெட்கப்பட்டு நின்றார்.

மஸூதா முக்காட்டைச் சரிசெய்தாள். நோன்பு திறக்கிற நேரத்தை ஒட்டிக் கேட்கிற துஆ வீண்போகாது என்பார்கள். வெயில் மிளகின் மேலிருந்து நகர்ந்து மதிலுக்கு ஏறியிருந்தது. அவள் இரண்டு கைகளையும் ஏந்தினாள். முதலில் உதடு ஒட்டிக்கொண்டு பிரிய மறுத்தது. அப்புறம் அசையத் தொடங்கியது. சத்தம் வரவில்லை. நெடுநேரம் அசைந்தது. கன்னத்தில் கண்ணீர் ஓடியது. துடைக்கவில்லை.

என்ன கேட்டாள் என்று பாவாவுக்குத் தெரியாது. பிள்ளைக்காகக் கேட்டிருக்கலாம். தன்னை இத்தனை வருடம் ஊமையாக்கி வைத்த பாவாவுக்கு எதிராகவும் கேட்டிருக்கலாம். கேட்டால் அது நியாயம். திரும்பிப் போய்விடலாம் என்று ஒரு கணம் நினைத்தார். போகவில்லை. தனக்கு எதிரானதென்றால் அதுவும் கபூலாகட்டும், அல்லாஹ் ஏற்றுக்கொள்ளட்டும் என்று நினைத்து, தானும் கையேந்தி, அவள் முடிக்கும் வரை நின்று, "ஆமீன்" என்றார்.